வரைகலையில் மனிதரும் புவியும்

புவிக்கும் மனிதருக்கும் உள்ள உறவைக் கோடு, நிறம், எழுத்து ஆகியவற்றால் பேசும் அச்சுப் படைப்புகளைச் சூழலியல் வரைகலை எனலாம். சுவரொட்டி, சின்னம், கேலிச்சித்திரம், வரைகதை, படநூல் ஆகியவை இதில் அடங்கும். இத்துறையின் குறிப்பிடத்தக்க இந்திய நூல்கள் சில சென்னைப் பதிப்பகங்கள் வழியே வெளிவந்துள்ளன.

பின்னணி

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த நிழற்படம், நிலவின் விளிம்புக்கு மேல் புவி எழுவதைக் காட்டியது. 1970 ஏப்ரல் 22-இல் அமெரிக்காவில் முதல் புவி நாள் கடைப்பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வடிவமைத்ததே இன்று உலகெங்கும் காணப்படும் மூன்று அம்புகள் கொண்ட மறுசுழற்சிச் சின்னம்.

இத்தகைய படங்களில் புவி அனைவருக்கும் பொதுவான ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் ஓர் ஆற்றை அணையிட்டு மறிக்கும்போது அதன் பயனும் இழப்பும் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. இந்திய வரைகதை இந்த இடத்திலிருந்து தொடங்கியது.

ஆற்றின் கதை

ஓரிஜித் சென் வரைந்து எழுதிய ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ 1994-இல் கல்பவிருட்சம் என்ற சூழலியல் அமைப்பின் வழியாக வெளிவந்தது. இந்தியாவின் முதல் வரைகதைப் புதினம் என்று பலரும் இதைக் குறிப்பிடுகின்றனர். நர்மதை ஆற்றின் மீது கட்டப்பட்ட சர்தார் சரோவர் அணையும் அதனால் நிலம் இழந்த பழங்குடியினரின் போராட்டமும் இதன் களம். நூலில் அணைக்கு ‘ரேவா சாகர்’ என்று கற்பனைப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர்.

கதை இரண்டு இழைகளாகச் செல்கிறது. மல்கு காயன் என்ற பாடகர் உலகம் தோன்றிய கதையைப் பாடுகிறார். விஷ்ணு என்ற இளம் செய்தியாளர் அணைப் பகுதிக்குப் பயணம் செய்கிறார். அரசு ஆவணத்தில் ‘நீரில் மூழ்கும் பரப்பு’ என்று குறிக்கப்படும் நிலம், பாடகருக்கு முன்னோர் வாழும் இடம். ஒரே நிலத்தைக் குறித்த இந்த இரு பார்வைகளையும் அருகருகே வைத்துக் காட்ட வரைகதை வடிவம் உதவுகிறது. பல்லாண்டுகள் கிடைக்காமல் இருந்த இந்நூலைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022-இல் மீண்டும் வெளியிட்டது.

மரங்களின் இரவு

சென்னையில் 1994-இல் தொடங்கப்பட்ட தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களையே நூலாசிரியர்களாக முன்னிறுத்தியது. 2006-இல் வெளியான ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைப் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூவர் உருவாக்கினர். இவர்கள் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு மரபைச் சேர்ந்தவர்கள். பகல் முழுவதும் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரங்கள், இரவில்தான் தம் உண்மை வடிவைக் காட்டுகின்றன என்ற நம்பிக்கை இந்நூலின் அடிப்படை. இதற்கு 2008-இல் போலோனியா ராகாசி விருது கிடைத்தது.

நூல் செய்யப்படும் முறையும் அதன் பொருளோடு பொருந்துகிறது. பருத்திக் கழிவிலிருந்து செய்த கருநிறத் தாளில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை வைத்துக் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறார்கள். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறம் ஏறும். பின் கையாலேயே தைத்துக் கட்டுகிறார்கள். இதனால் ஒரு பிரதி மற்றொன்றைப் போல அச்சாக இருப்பதில்லை.

கடல்

2009-இல் இதே பதிப்பகம் ‘சுனாமி’ என்ற நூலை வெளியிட்டது. வங்காளத்தின் படச்சுருள் ஓவியர்களான ஜாய்தேப் சித்ரகர், மொய்னா சித்ரகர் ஆகியோர் 2004 டிசம்பர் 26 பேரழிவைச் சுருளோவியமாகத் தீட்டினர். ஊர் ஊராகச் சென்று, சுருளை விரித்துக் கதையைப் பாடிக் காட்டுவது இவர்களது மரபு. நாகப்பட்டினம் உள்ளிட்ட தமிழகக் கடற்கரை நேரில் கண்ட துயரம், இவ்வாறு வேறொரு மாநிலத்தின் பாட்டு மரபில் பதிவாயிற்று.

சிறப்பு

இந்நூல்களில் ஆறும் மரமும் கடலும் மனிதர் கதைக்குப் பின்புலமாக நிற்கவில்லை, பாத்திரங்களாகவே வருகின்றன. நிலத்தோடு நெருங்கி வாழ்வோரின் மரபுகளிலிருந்து இவை பிறந்தவை. எனவே, புவியைக் காப்பது பற்றிப் பேசும்போது யாருடைய அறிவைக் கேட்கிறோம், யாருடைய இழப்பைக் கணக்கில் எடுக்கிறோம் என்ற கேள்வியையும் இவை எழுப்புகின்றன.