கறந்ததும் மாட்டைப் படுக்க விடாதீங்க

எங்கள் குஜிலியம்பாறை பக்கம் மானாவாரி பூமி. சோளத்தட்டையும் கடலைக்கொடியும்தான் மாட்டுக்குத் தீவனம். அதை எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதிலும் மடிநோய்த் தடுப்பு இருக்கிறது.

மடியைக் கழுவித் துடைத்ததும் மாடு பால் சுரக்கும். அந்தச் சுரப்பு 5 முதல் 7 நிமிடம்தான். அதற்குள் முழுசாகக் கறந்துவிடணும். முதல் பீச்சலைக் கிண்ணத்தில் தனியாகப் பிடித்துப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது.

கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் உடனே மூடாது. அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். அதனால், கறக்கும்போது தவிடு, பிண்ணாக்கு போதும்; தட்டையைக் கறந்த பிறகு போடுங்கள். தின்றுகொண்டே நிற்கும்.

அதையும் மீறி நோய் வந்தால், கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மருந்து இருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரையுங்கள். பாலைக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, விழுதை நீரில் கரைத்துப் பூசுங்கள். நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள். காய்ச்சல் அடித்தாலோ தீவனம் எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடணும்.

மடிநோயும் வாராக்கடன் மாதிரிதான். வந்தபின் வசூலிக்க அலைவதைவிட வராமல் பார்ப்பதே லாபம்.