கரை உயர்ந்தால் மட்டும் போதுமா?



வெள்ளத் தடுப்புக் கரை உயரமாக இருந்தால் ஆபத்து இல்லை என்று பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரமும் கரைகளை நம்பித்தான் இருந்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியபோது கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. அங்கே 17-ஆம் தெருக் கால்வாயின் தடுப்புச் சுவர், தண்ணீர் அதன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சரிந்துவிட்டது. ஏன்?

முதலில் ஒரு கணக்கு. 1 மீட்டர் ஆழத் தண்ணீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் அரை டன் எடைக்கு நிகராகத் தள்ளுகிறது. ஆழம் 2 மீட்டரானால் 2 டன். 4 மீட்டரானால் 8 டன். அதாவது ஆழம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்தச் சுவரின் அடியில் இருந்ததோ இளகிய களிமண். சுவர் மண்ணோடு சேர்ந்து நகர்ந்தது. இன்னொரு கால்வாயில் தண்ணீர் அடி மணலுக்குள் புகுந்து அதை அரித்தது. ஆகவே உயரத்தைப் போலவே அகலமான அடித்தளமும், கசிவைத் தடுக்கும் களிமண்ணும், ஆழமாக இறக்கிய இரும்புத் தகடுகளும் அவசியம்.

அடுத்தது, எவ்வளவு உயரம் என்ற கேள்வி. புதிய கரைகள் 'நூறாண்டு வெள்ளத்தை' அளவாகக் கொண்டு கட்டப்பட்டன. நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் அத்தகைய வெள்ளம் வரும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு குடும்பம் 30 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தால், அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்; நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்!

நெதர்லாந்தில் 1953 வெள்ளத்தில் 1,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் வான் டான்சிக் என்ற கணிதப் பேராசிரியர், கரையை உயர்த்தும் செலவையும் வெள்ளத்தால் வரக்கூடிய இழப்பையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டார். அந்நாட்டின் மக்கள் நெருக்கமான கடலோரப் பகுதிக்கு, ஆண்டுக்கு 10,000-இல் 1 என்ற வாய்ப்பே அளவுகோலாயிற்று. அங்கும் ஆபத்து பூஜ்ஜியம் அல்ல.

கரை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. வெள்ளக் காலத்தில் கரையின் அடிவாரத்தில் கலங்கலான நீர் ஊறினால், உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். வெளியேறச் சொன்னால், "கரை இருக்கிறதே" என்று தங்கிவிடாதீர்கள். முதியோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதலிலேயே கிளம்பிவிடுங்கள்.