நுவரெலியாவின் வெள்ளைக் காலை

தை மாதத்தில் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையேறி வரும் நண்பர்கள், "இங்கே பனிமழை பெய்யுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெய்யாது. ஜனவரி, பெப்ரவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை தன் சூட்டை இழந்துவிடுகிறது; புல்லை ஒட்டிய காற்றின் ஈரம் அங்கேயே உறைந்து வெள்ளையாகப் படிகிறது. இதுதான் துகள் உறைபனி. சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அல்லவா! விருந்தினருக்கு அது வேடிக்கை, தேயிலைத் தோட்டத்துக்கு நட்டம். பள்ளத்தில் தேங்கும் குளிரில் கொழுந்து கருகினால், அந்த மலையில் கொஞ்ச நாளைக்குப் பறிக்க ஒன்றும் இருக்காது.

பார்க்க ஆசைப்படுவோரை விடியலிலேயே எழுப்பிவிடுங்கள். வெயில் ஏறினால் உருகிவிடும். கம்பளியும் காலுறையும் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: காம்பராவின் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு, உள்ளே கரிநெருப்பு வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். படுக்கப் போகுமுன் நெருப்புச் சட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.