காயலில் வளர்ந்த கதைகள்

பள்ளிக்கூடம் விட்டு வந்த உங்கள் பெண், "அம்மா, நாளைக்கு ஒரு புராணக் கதை எழுதிக்கொண்டு போக வேண்டும்" என்கிறாள். அடுப்படி வேலைக்கு நடுவே நீங்களும் ஒரு கதையை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அவளோ, "இது வேண்டாம் அம்மா. என் சிநேகிதி, மந்தரையே தன் கதையைச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாள். ரொம்ப ஜோர்! நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன்" என்கிறாள்.

"அடுத்தவளைப் பார்த்து எழுதுவதா? உனக்கென்று புத்தி கிடையாதா?" என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபந்தான். ஆனால் அதைக் குழந்தையிடம் காட்டுவதற்கு முன் காயல்பட்டினம் வரையில் ஒரு நடை போய்வருவோம், வாருங்கள்.

தாமிரபருணி கடலோடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே, திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் கடற்கரை ஊர். ஒரு காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய கரை இது. பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கு நடுவே தனிச் சந்துகள் உண்டு. இன்னொரு விசேஷம், இங்கே கல்யாணமான பெண் தாய் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பாட்டியும் தாயும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கதைக்குப் பஞ்சம் ஏது?

இந்த ஊரிலே பிறந்தவர் காசிம் புலவர். அவர் மாணவராக இருந்தபோது நடந்ததாக ஒரு வரலாறு சொல்வார்கள். ஆசிரியர் ஒரு நாள் அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடம் சொன்னாராம். அந்தச் சந்தத்தின் துள்ளலில் மனத்தைப் பறிகொடுத்து, "இதைப் போல இன்னொருவர் பாட முடியாது" என்றாராம். மற்றப் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காசிமுக்கு மட்டும் அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. 'ஏன் முடியாது?' என்று உட்கார்ந்தார். நபிகள் நாயகத்தின் மேல் ஒரு திருப்புகழே பிறந்துவிட்டது!

அவர் எடுத்துக்கொண்டது என்ன என்பதைக் கவனியுங்கள். சந்தத்தை எடுத்துக்கொண்டார். பாட்டுடைத் தலைவரும், பக்தியும், சொல்லும் அவருடையவை. பக்கத்து ஊரிலே முருகனைப் பாடிய தாளத்தில் இந்த ஊரிலே நபியைப் பாடினார். இதனால் திருச்செந்தூருக்கு ஏதாவது குறைந்துபோயிற்றா? இல்லையே!

காசிம் புலவர் சந்தத்தை வாங்கிக்கொண்டார் என்றால், காப்பியத்தின் கட்டுக்கோப்பையே வாங்கிக்கொண்டவர் உமறுப் புலவர். இவர் எட்டயபுரம் சமஸ்தானப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நபிகள் நாயகத்தின் சரித்திரத்தைத் தமிழிலே காப்பியமாகப் பாட வேண்டும் என்று வள்ளல் சீதக்காதி விரும்பினார். உமறுவுக்குத் தமிழ் தெரியும்; அரபு நூல்களில் உள்ள சரித்திரத்துக்கு எங்கே போவது? காயல்பட்டினத்தில் பிறந்த மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவை நாடிப் போனார். முதலில் அவர் இணங்கவில்லை என்றும், பிறகு மனம் மாறி உதவினார் என்றும் சொல்வார்கள்.

சரித்திரம் கிடைத்தது. அதைச் சொல்லும் முறை? அதற்குக் கம்பர் இருந்தார். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பர் போட்ட பாதையிலே உமறு நடந்தார். ஆகவே சீறாப்புராணத்து அரபு நாட்டில் மழை கொட்டுகிறது. ஆறு புரண்டு ஓடுகிறது. வயலிலே நெல் விளைகிறது! பாலைவனத்திலே தாமிரபருணிக் கரையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார் மனிதர். கம்பர் தம்மைப் பாற்கடலைக் குடிக்கப் போன பூனை என்று சொல்லிக்கொண்டார் அல்லவா? உமறுவோ, பெரிய புலவர்களுக்கு முன்னால் தம் பாட்டு, சண்டமாருதத்துக்கு முன்னால் ஒரு சிற்றெறும்பு விட்ட மூச்சு என்றார். அடக்கத்தைக்கூட முன்னோரிடமிருந்து கற்றுக்கொண்டார். உவமையை மட்டும் தாமே தேடிக்கொண்டார்!

அந்தப் புராணத்தில் தாய்மார்களின் நெஞ்சைத் தொடும் ஒரு படலம் உண்டு. வேடன் வலையில் ஒரு பெண் மான் சிக்கிக்கொள்கிறது. 'என் கன்று பசியோடு காத்திருக்கும்; பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்' என்று நபிகளிடம் முறையிடுகிறது. நபிகள் அதற்குப் பிணையாக நிற்கிறார். சொன்ன சொல் தவறாமல் மான் திரும்பி வருகிறது. வேடனின் மனம் உருகிப்போகிறது.

'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே!' என்கிறீர்களா? சிவராத்திரிக் கதையிலும் ஒரு வேடன் வருகிறான். குட்டிகளைப் பார்த்துவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்துத் திரும்பும் மானும் வருகிறது. யாரைப் பார்த்து யார் சொன்னார் என்று நாம் வழக்குத் தொடுக்க வேண்டாம். பசித்த கன்றை நினைத்துக் கலங்கும் தாய் எல்லா ஊரிலும் இருக்கிறாள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மூன்று காண்டம், 92 படலம், 5,027 பாட்டுப் பாடியும் உமறுப் புலவர் நபிகளின் சரித்திரத்தை முடிக்கவில்லை. கதை பாதியிலே நின்றுவிட்டது. 'அவர் பாடியதை நாம் தொடலாமா?' என்று எல்லோரும் ஒதுங்கியிருந்தால் அது நின்றது நின்றபடியே இருந்திருக்கும். காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் ஒதுங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பாடினார். அதுதான் சின்னச் சீறா. பிறகு அதே ஊரைச் சேர்ந்த சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் என்ற புலவர் முயன்று, 1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றினார். ஏட்டில் இருந்தது புத்தகமாயிற்று. அவரும் சும்மா இருந்தாரா? தாமே காப்பியங்கள் பாடினார். ஒருவர் சொன்ன கதை இன்னொருவரைச் சொல்லத் தூண்டியதால்தான் இவ்வளவும் நமக்குக் கிடைத்தது.

இது பழங்காலத்துப் புலவர்களுக்கு மட்டும் உரிய வழி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நம் இதிகாசங்களைப் பற்றி இணைய வழியே ஒரு வகுப்பு நடந்துவந்தது. இராமாயணத்திலோ மகாபாரதத்திலோ தங்களுக்குப் பிடித்ததை மாணவர்கள் தம் போக்கிலே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆசிரியரிடம் கொடுத்து மார்க்கு வாங்குவதோடு காரியம் முடிந்துவிடாது. ஒருவர் கதையை மற்றவர் படித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். 'அடே, இப்படியும் சொல்லலாமா!' என்ற வியப்பே அங்கே பாதிப் பாடம்!

அப்படியானால் காப்பி அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். வாக்கியத்தைத் தூக்கி வந்தால் அது களவு. எந்தப் புலவரும் அதை மன்னிக்க மாட்டார். உங்கள் பெண்ணிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "சிநேகிதியிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய்? நீ எதைச் சேர்த்தாய்?" மந்தரை பேசியதைப் பார்த்து இவள் ஊர்மிளையைப் பேச வைத்தால், தாராளமாக எழுதட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் பேனாவை வாங்கி வைத்துவிட்டு, அந்த மான் கதையைச் சொல்லுங்கள். 'கன்று என்ன நினைத்திருக்கும்?' என்று கேட்டுவிட்டு நீங்கள் அடுப்பைக் கவனிக்கப் போகலாம்.