தாமதம் எங்கே நிகழ்கிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணினி அறிவியல்)

வேலை மெதுவாக நடந்தால் கணினியைக் குறை கூறுவது நம் வழக்கம். நானும் அவ்வாறே கூறிப் பின்னர் உண்மையை உணர்ந்தவன். அவ்வனுபவத்தை இக்கட்டுரை வாயிலாக விளக்க விழைகிறேன்.

சென்ற பருவத்தில் 300 மாணவர்களின் மதிப்பெண்களைத் திரையில் காட்டும் நிரல் ஒன்றை எழுதினேன். ஆய்வகத்தில் நிரலும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வந்தது. துறைக் கண்காட்சியன்று தரவுத்தளத்தைத் தொலைவிலுள்ள சர்வரில் வைத்து, செல்பேசி இணைய இணைப்பின் வழியே நிரலை இயக்கினேன். பட்டியல் வர 18 வினாடிகள் ஆயின. பேராசிரியர்கள் சூழ்ந்து நிற்கையில் 18 வினாடிகள் எவ்வளவு நீண்டவை என்பதை அன்று அறிந்தேன்!

சர்வர்தான் மந்தம் என்றெண்ணி அட்டவணைக்கு இண்டெக்ஸ் சேர்த்தேன், பயனில்லை. என் வினாக்களுள் ஒன்றைச் சர்வரிலேயே இயக்கிப் பார்த்தேன். ஒரு மில்லி வினாடிகூட ஆகவில்லை. அடுத்து, 'செலக்ட் 1' என்னும் வினாவைச் செல்பேசி இணைப்பில் அனுப்பினேன். அது எந்த அட்டவணையையும் தொடாத வினா. அதற்கும் விடை வர 60 மில்லி வினாடி ஆயிற்று! ஆகவே நேரம் செலவானது வேலையில் அன்று, பயணத்தில்.

கணக்கைப் பாருங்கள். என் நிரல் முதலில் பதிவெண்களைக் கேட்டது. பிறகு ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் தனித்தனியே கேட்டது. ஆக 301 வினாக்கள். ஒரே கணினிக்குள் ஒரு வினா சென்று திரும்ப ஏறத்தாழ 0.2 மில்லி வினாடி. மொத்தம் 60 மில்லி வினாடியே. செல்பேசி இணைப்பிலோ 301 × 60 = 18,060 மில்லி வினாடி. பிழை ஆய்வகத்திலும் இருந்தது. அருகாமை அதை மறைத்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னேன். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை போனா நேரமாகாதா? கடைக்காரரைச் சொல்லி என்னடா ஆவுது?" என்றார். சீட்டு எழுத இயலாவிடினும், எல்லாச் சாமான்களையும் மனத்தில் வைத்து ஒரே நடையில் வாங்கி வருபவர் அவர்.

1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் தொடர்புசார் தரவுத்தள முறையை வெளியிட்டார். அதன்வழித் தோன்றிய எஸ்.க்யூ.எல். மொழியின் சிறப்பும் இதுவே: வேண்டிய தொகுதி முழுவதையும் ஒரே வினாவில் கேட்கலாம். இரு அட்டவணைகளையும் 'ஜாயின்' மூலம் இணைத்து ஒரே வினாவாக்கினேன். அதே செல்பேசி இணைப்பில் பட்டியல் ஒரு வினாடிக்குள் வந்தது.

நண்பர்களே, தாமதம் நேர்ந்தால் மூன்றை அளந்து பாருங்கள். ஒன்று, வினாவைச் சர்வரிலேயே இயக்கும் நேரம்; அங்கும் மந்தமெனில் 'எக்ஸ்பிளெய்ன்' கட்டளை காரணத்தைக் காட்டும், இண்டெக்ஸ் உதவக்கூடும். இரண்டு, 'செலக்ட் 1' சென்று திரும்பும் நேரம். மூன்று, வினாக்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு வினாவுக்கும் புதிதாக இணைப்பைத் திறப்பதும் வீண் நடையே. திறந்த இணைப்பையே மீண்டும் பயன்படுத்துக.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். 1,000 கி.மீ. சென்று திரும்ப 10 மில்லி வினாடியாவது வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினும் இது குறையாது. நடையைக் குறைப்பதே வழி. குறை கூறுமுன் அளந்தறிவோம். அறிந்தபின் ஆவன செய்வோம்!