அடுக்ககத்திலும் அமைதி காணலாம்

விசாலமான இல்லத்தை நற்பேறுகளுள் ஒன்றாக எண்ணிச் சொன்னார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். 800 சதுர அடி அடுக்ககமும் முறையோடு அமைந்தால் நெருக்கம் தெரியாது. வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்குவோர் நம்மில் பலர். அப்பணம் மேற்கூரை அலங்காரத்தில் கரைந்துபோய், முதிர்ந்த தாயார் அமர்ந்து ஒளுச் செய்ய ஓரிடமில்லாமற் போனால் என்ன பயன்?

வரைபடமே முதல் வேலை

வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே உறங்குவர், படிப்பர் என்பதை முதலில் எழுதுங்கள். கட்டமிட்ட தாளில் அறையையும் கட்டில், அலமாரிகளையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்து பாருங்கள். நடைவழிக்கு 3 அடி விட வேண்டும். துணி அலமாரிக்கு 2 அடி ஆழம் தேவை. தூண்களையும் உத்தரங்களையும் எக்காரணத்தாலும் உடைக்கலாகாது. மாடிமேல் மாடியாக வாழும் அனைவரின் பாரத்தையும் அவையே தாங்குகின்றன.

மறைவு

காயல்பட்டினத்தின் பழைய வீடுகளில் பெண்கள் புழங்கத் தனி வழி உண்டு. அடுக்ககத்திலோ வாசல் ஒன்றே. ஆகவே கதவைத் திறந்ததும் சமையலறையும் படுக்கையறையும் விருந்தினர் கண்ணில் படாதவாறு, மரச்சட்டத் தடுப்போ உயரமான புத்தக அலமாரியோ வைக்கலாம். காற்றை அடைக்காத மரச்சட்டமே சிறந்தது. பிள்ளைகள் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று நேரங்களை அந்நூர் அத்தியாயம் குறிப்பிடுகிறது. பெற்றோர் அறைக்குத் தாழ்ப்பாளும், பிள்ளைகளுக்குத் தனியிடமும் இருந்தால்தான் அவ்வொழுக்கம் எளிதாகும்.

தொழுமிடம்

ஒருவர் தொழ 4 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும். சென்னையிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. அத்திசைச் சுவரில் படங்களும் தொலைக்காட்சியும் வேண்டாம். அருகிலேயே தாழ்வான குழாய், இருக்கை, வழுக்காத தரை ஆகியவை அமைந்தால் முதியோருக்குப் பேருதவி.

சமையலறை

அடுப்பு, கழுவு தொட்டி, குளிர்பதனப் பெட்டி மூன்றும் முக்கோணமாக, சில அடித் தொலைவுக்குள் அமையட்டும். மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு 32 முதல் 34 அங்குலம் பொருந்தும். விளக்கு முதுகுப்புறம் இருந்தால் தம் நிழலே மேடையில் விழும். ஸஹர் நேரத்தில் இச்சிரமம் நன்கு புலப்படும். எனவே மேடைக்கு நேர் மேலே விளக்கு வையுங்கள்.

கடைக்கும் இதே நெறி

கடையில் இருவர் ஒருவரையொருவர் உரசாமல் செல்ல 4 அடி வழி தேவை. அன்றாடம் விற்கும் பொருளை உட்புறம் வைத்தால் வாடிக்கையாளர் மற்றவற்றையும் பார்த்துச் செல்வர். மஞ்சள் ஒளியில் துணியின் நிறம் மாறித் தோன்றும். வாங்குபவர் ஏமாறாதிருக்க வெண்ணிற ஒளியே நேர்மையான ஒளி. அவசர வழியில் சரக்கு அடுக்குவது உயிருக்கே கேடு.

செலவின் வரிசை

முதலில் நீர்க்கசிவும் மின்கம்பிகளும், அடுத்து அலமாரிகள், எஞ்சியதில் அழகு. அலங்காரத்திற்காக வட்டிக்குக் கடன் வாங்கி, வீட்டின் பரக்கத்தை இழந்துவிடாதீர்கள். குடியேறி ஓராண்டு வாழ்ந்தபின் எது தேவை என்பது தானே தெரியவரும். அப்போது செய்துகொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.