கம்பி வேலியை விரிக்கவும் சுருட்டவும் கை ராட்டை

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லை. மக்காச்சோளம் கதிர் பிடித்ததும், நிலக்கடலை காய் பிடித்ததும் இரவோடு இரவாகப் பன்றிகள் புகுந்துவிடுகின்றன. இங்குள்ள காடு 1988ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாகவும், 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே பயிரைக் காக்க வேலி ஒன்றே வழி.

நிரந்தர வேலி போடச் சிறு விவசாயிகளால் இயலாது. குத்தகை நிலமென்றால் அது தேவையும் இல்லை. கதிர் பிடிக்கும்போது தாழ்வாக மூன்று வரிசைக் கம்பி கட்டி, சூரிய மின்வேலிக் கருவியுடன் இணைத்து, அறுவடைக்குப் பின் எடுத்துவிடுவது சிக்கனமானது. ஆனால் கம்பியைச் சுருட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பலர் அதை வரப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அது உழவுக் கருவியில் சிக்குகிறது. மாட்டின் காலை அறுக்கிறது. கண்ணி வைப்பவர் கைக்கும் போய்ச் சேருகிறது.

சிக்கு ஏன் விழுகிறது?

தரையில் கிடக்கும் சுருளிலிருந்து கம்பியை உருவினால், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறுகிறது. அதை இழுக்கும்போது கம்பி மடிந்து முடிச்சாகிறது. மடிந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு வெடித்துத் துருப்பிடிக்கிறது. அடுத்த பருவத்தில் அங்கேயே அறுகிறது. சுருள் சுழன்று கம்பியை விட்டால் முறுக்கு ஏறாது. நெசவாளர் வீட்டில் நூல் சுற்றும் ராட்டையும் சுழன்றுதான் வேலை செய்கிறது. கம்பிக்கும் அதே போன்ற ராட்டை போதும்.

ராட்டையின் அமைப்பு

வெல்டிங் பட்டறையில் இதைச் செய்துகொள்ளலாம். நடு உருளை 32 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. அகலமும் இருக்கட்டும். இந்த அளவில் ஒரு சுற்றுக்குச் சுமார் 1 மீட்டர் கம்பி ஏறும். சுற்றுகளை எண்ணினாலே நீளம் ஏறத்தாழத் தெரியும். இரு பக்கமும் 45 செ.மீ. விட்டமுள்ள தட்டுகள் வேண்டும். ஒரு தட்டைப் போல்ட் நட்டு வைத்துக் கழற்றும்படி அமைத்தால் சுருளை அப்படியே வெளியே எடுக்கலாம். அச்சின் முனையில் சுழற்றுவதற்குக் கைப்பிடி பொருத்த வேண்டும். இவற்றை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிச் சட்டத்தில் ஏற்றிவிட்டால் வரப்போரம் தள்ளிச் செல்லலாம்.

பிரேக் மிக அவசியம். வண்டி நின்ற பிறகும் உருளை தானாகச் சுழன்றால் கம்பி தளர்ந்து கொட்டி, சிக்கு விழும். உருளையை உரசும்படி பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டினால் போதும்.

எவ்வளவு கம்பி?

சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 255 மீட்டர். மூன்று வரிசைக்கு 765 மீட்டர் தேவை. 16 கேஜ் ஜி.ஐ. கம்பி கிலோவுக்குச் சுமார் 60 மீட்டர் வரும். ஆகவே 13 கிலோ போதும். இவ்வளவும் ஒரே உருளையில் அடங்கும்.

கையாளும் முறை

கம்பி நகரக் கூடாது. ராட்டைதான் நகர வேண்டும். இதுவே முக்கிய விதி. விரிக்கும்போது முனையை மூலைக்கம்பத்தில் கட்டிவிட்டு வண்டியைத் தள்ளிச் செல்லவும். கம்பி தானே இறங்கித் தரையில் நேராகப் படியும். பிறகு அதைத் தூக்கிக் கம்பங்களில் உள்ள இன்சுலேட்டர்களில் மாட்டி இழுத்துக் கட்டலாம்.

சுருட்டுவதற்கு முன் மின்வேலிக் கருவியை நிறுத்தி, இணைப்பைக் கழற்ற வேண்டும். ஒரு வரிசையை முழுவதும் இன்சுலேட்டரிலிருந்து விடுவித்த பின், ஒருவர் வண்டியைக் கம்பியின் மேலாகவே தள்ள, மற்றவர் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கம்பியைத் தரையில் இழுத்துச் சுருட்டினால் கட்டையிலும் முள்ளிலும் மாட்டும். தடித்த கையுறை அணிந்து, கம்பி ஒரே இடத்தில் குவியாமல் இடமும் வலமுமாகப் பரப்பிவிடவும். துருப்பிடித்த, மடிந்த துண்டுகளை அப்போதே வெட்டி நீக்கி இணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் வண்ணத் துணி கட்டினால் அடுத்த பருவத்தில் தேட வேண்டியதில்லை. சுருளை உர மூட்டைகளுக்கு அருகில் வைக்காமல், ஈரமில்லாத இடத்தில் தொங்கவிடவும். பொட்டாஷ் உரம் பூச்சை அரிக்கும்.

முள்கம்பியை இந்த ராட்டையில் சுற்றக் கூடாது, கையைக் கிழித்துவிடும். இழுவிசை மிகுந்த நிரந்தர வேலிக் கம்பிக்கும் இது ஏற்றதல்ல. யானை வரும் தோட்டங்களுக்கு இந்த மெல்லிய வேலி பயன்படாது.

எச்சரிக்கை

கம்பி கையில் இருக்கிறதே என்று வீட்டு மின்சாரத்தையோ பம்புசெட் மின்சாரத்தையோ அதில் கொடுப்பது பெருங்குற்றம். சூரிய மின்வேலிக் கருவி வினாடிக்கு ஒருமுறை அளவில், மிகக் குறுகிய நேரமே அதிர்ச்சி தரும். விலங்கு விலகி ஓடிவிடும். நேரடி மின்சாரமோ தொட்டவரை விடாது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அண்டை வயல்காரரும், சில வேளை வேலி போட்டவரின் வீட்டாருமே இதற்குப் பலியாகிறார்கள். காட்டை ஒட்டிய பகுதிகளில் சூரிய மின்வேலிக்கும் 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவும் அனுமதியும் தேவை. வனத்துறை அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பருவத்தில் இரண்டு முறையே இந்த ராட்டைக்கு வேலை. எனவே நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று செய்துகொண்டால் ஆளுக்குச் செலவு குறையும். வேளாண்மைப் பொறியியல் துறை 5, 7, 10 வரிசைச் சூரிய மின்வேலிகளுக்கு மானியத் திட்டம் நடத்தி வந்துள்ளது. நடப்பு ஆண்டு நிலவரத்தை அத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, விதைப்புக்கு முன்பே மனுச் செய்வது நலம்.